நைட்ரோ கார் பேட்டரிக்கு மாறுகிறது: நாம் கவனிக்க வேண்டியவை

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் நம் குடியிருப்புவாசி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை காலையில் பின்பக்கத் திடலிலிருந்து வரும் அந்த 'ஙொய்ங்' சத்தத்தைப் பற்றிப் புகார் எழுதாத பிளாக் நம்மிடம் இல்லை. இப்போது பிள்ளைகளே அந்த காரின் என்ஜினைக் கழற்றிவிட்டு மின்சார மோட்டார் பொருத்தப் போகிறார்கள். ரிமோட் கார் எனக்கு நெடுநாள் பழக்கம் என்பதால் செயலாளர் என்னைப் பேசச் சொன்னார். பெரியவர்கள் கேட்க வேண்டிய பகுதி கடைசியில்தான் வருகிறது. நடுவில் காபிக்கு எழுந்து போய்விடாதீர்கள்.

இதைப் பொம்மை கார் என்று நினைக்காதீர்கள். நிஜ பந்தய வண்டியின் எட்டில் ஒரு பங்கு அளவு, எடை ஏறக்குறைய மூன்றரைக் கிலோ. உள்ளே இருக்கும் 3.5 சி.சி. என்ஜின் நிமிடத்துக்கு 30,000 சுற்றுக்கு மேல் சுற்றும். நல்ல தரையில் மணிக்கு 60 கிலோமீட்டரைத் தொட்டுவிடும். இதற்குப் பெட்ரோல் கிடையாது. மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் மூன்றும் கலந்த எரிபொருள். கள்ளச்சாராயச் சாவுச் செய்திகளில் படிக்கிறோமே, அதே மெத்தனால்தான். வயிற்றுக்குள் போனால் கண் போகும், உயிரும் போகும். தீப்பற்றினால் பகல் வெளிச்சத்தில் சுடர் சரியாகக் கண்ணுக்கே தெரியாது. அந்த கேன் இன்று யாரோ ஒருவர் வீட்டு பால்கனியில் இருக்கிறது. சத்தத்தைவிட எனக்கு அதுதான் கவலை. மாற்றட்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணமும் அதுதான்.

இனி பிள்ளைகளுக்கு. என்ஜின், சைலன்சர் குழாய், 125 மி.லி. டேங்க், கிளட்ச் எல்லாம் வெளியே வரும். வேகத்துக்கும் பிரேக்குக்கும் இருந்த சர்வோவும் வேண்டாம். ஸ்பீடு கன்ட்ரோலரே மோட்டாரைக் கொண்டு பிரேக் பிடிக்கும். திருப்புவதற்கான சர்வோ மட்டும் இருக்கட்டும். சக்கரம், ஷாக் அப்சார்பர், மூன்று டிஃபரென்ஷியல் எதையும் தொடவேண்டியதில்லை. மோட்டார் ஒரு பக்கம், பேட்டரி எதிர்ப்பக்கம் என்று எடையைச் சமமாக வையுங்கள்.

கடைக்குப் போய் "எது வேகமான மோட்டார்?" என்று கேட்காதீர்கள். மோட்டாரின் மேல் கே.வி. என்று ஓர் எண் போட்டிருக்கும். ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பதுதான் அது. நான்கு செல் லிப்போ பேட்டரி 14.8 வோல்ட். 2000 கே.வி. மோட்டாரென்றால் பெருக்கிப் பாருங்கள், 29,600 சுற்று. பழைய என்ஜின் ஓடிய வேகத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது. அதனால் பெரிய கியர் 46 பல், சின்னது 13 அல்லது 14 பல் என்ற பழைய கணக்கே பெரும்பாலும் ஒத்துவரும். ஆசைப்பட்டு 3500 கே.வி. வாங்கினால் அதே பேட்டரியில் 51,800. அந்தக் கனமான வண்டியை இழுத்து மோட்டார் கருகிவிடும்.

இரண்டு கியருக்கும் நடுவில் ஒரு மெல்லிய காகிதத் துண்டை வைத்து மோட்டாரை நெருக்கி முடுக்குங்கள், பிறகு காகிதத்தை உருவிவிடுங்கள். அந்த இடைவெளி போதும். ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். விரல் தாங்கவில்லையா, சின்ன கியரில் ஒரு பல் குறையுங்கள். கிளட்ச் இல்லாததால் முதல் சுற்றிலேயே முழு இழுவையும் வந்துவிடும். நடு டிஃபரென்ஷியலில் கெட்டியான எண்ணெய் ஊற்றினால் முன்சக்கரங்கள் மட்டும் வீணாகச் சுழல்வது குறையும்.

செலவு? மோட்டார், கன்ட்ரோலர், இரண்டு பேட்டரி, நல்ல சார்ஜர் என்று கூட்டினால், யாரோ ஓட்டிய மின்சார காரையே வாங்கிவிடலாமோ என்று தோன்றும். அப்பாக்கள் கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

இப்போது பெரியவர்கள். சத்தம் போய்விடும் என்று சந்தோஷப்படுகிறீர்கள். எனக்கு அதில் பாதி சந்தோஷம்தான். இதுவரை வண்டி வருவது காதில் விழுந்தது, தாத்தாக்கள் ஒதுங்கினார்கள், அம்மாக்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டார்கள். இனி அதே மூன்றரைக் கிலோ, அதே வேகம், ஆனால் கிட்டே வரும்வரை தெரியாது. ஆகவே பார்க்கிங்கில் ஓட்டவே கூடாது, பின்திடலில் கயிறு கட்டி மட்டும்தான். ரிமோட்டிலேயே உச்ச வேகத்தைப் பாதியாகக் குறைத்து வைக்க முடியும். புதிதாக ஓட்டும் பிள்ளைக்கு அதைச் செய்து கொடுங்கள்.

அடுத்தது சார்ஜ் போடும் இடம். 5000 எம்.ஏ.எச். பேட்டரிக்குப் பிடிக்கும் மின்சாரம் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பொது மீட்டர் பில் ஏறிவிடும் என்ற பயம் வேண்டாம். பயப்பட வேண்டியது தீக்கு. அடிபட்ட, உப்பிய, அளவுக்கு மீறி ஏற்றிய லிப்போ பேட்டரி தானாகச் சூடேறிக் கொழுந்துவிட்டு எரியும், புகையும் நச்சு. இரவில் போட்டுவிட்டுத் தூங்கவே கூடாது. படுக்கையறை, வாசல் கதவோரம், ஸ்கூட்டர் வரிசை மூன்றும் ஆகாது. டைல்ஸ் தரையில், பேலன்ஸ் வயரையும் செருகி, 5 ஆம்பியரில் ஒரு மணி நேரம், பக்கத்தில் ஓர் ஆள். ஒரு வாரம் ஓட்டப்போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி வையுங்கள். உப்பிய பேட்டரி குப்பைத் தொட்டிக்குப் போகக்கூடாது. 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி தனியாக ஒப்படைக்க வேண்டும். மிச்சமிருக்கும் நைட்ரோ எரிபொருளையும் சிங்க்கில் கொட்டாதீர்கள். மூடி திறக்காத கேனை இன்னும் என்ஜின் கார் ஓட்டுபவர்கள் வாங்கிக்கொள்வார்கள்.

கமிட்டியிடம் நான் கேட்பது சின்ன விஷயம். பம்ப் ரூமின் வெளிச்சுவரில், மழை படாத இடத்தில், ஒரு பிளக் பாயின்ட், ஒரு கடப்பா மேடை, ஒரு மணல் வாளி. பிள்ளைகள் அங்கே மட்டும்தான் சார்ஜ் போடுவோம் என்று பெற்றோர் கையெழுத்தோடு எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சுவருக்கு மேலே இருக்கும் முதல் மாடி வீட்டுக்காரர்களின் சம்மதத்தை முதலில் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் வேறு இடம் பார்ப்போம்.