பழைய மோட்டார் வண்டியும் பெட்ரோல் சிக்கனமும்

(நசரத்பேட்டையில் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



எழுத்தும் சொல்லும் கற்பிக்கும் தமிழ்ப் பண்டிதனுக்கு மோட்டார் வண்டியைப்பற்றிப் பேசுதற்கு யாது தகுதி என்று தங்களுட் சிலர் எண்ணக்கூடும். அவ்வையம் எனக்கும் உண்டு. காரியதரிசி அவர்களிடம் அதனையே விண்ணப்பித்துக்கொண்டேன். அவரோ, "ஐயா, பிழை செய்து திருந்தியவர் சொல்லுவதைத்தான் நம்மவர் செவிசாய்த்துக் கேட்பர்" என்று கூறி என் வாயை அடைத்துவிட்டார். ஆகவே, அறிந்தவன் என்னும் முறையில் அன்றிப் பட்டவன் என்னும் முறையிலேயே இன்று தங்கள்முன் நிற்கின்றேன்.

நம் ஊர் இருக்கும் இடத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். சென்னையினின்று பெங்களூர் செல்லும் பெருவழி நம் வாயிலையொட்டிப் போகின்றது. வண்டலூரையும் மீஞ்சூரையும் இணைக்கும் வெளிவட்டச் சாலையும் இங்கே வந்து அதனோடு கலக்கின்றது. அப்பெருவழியில் மேற்கே சிறிது தொலைவு சென்றால் இருங்காட்டுக்கோட்டை. அங்குள்ள ஹூண்டாய் தொழிற்சாலையினின்றே 1998-ஆம் ஆண்டில் முதல் சான்ட்ரோ வண்டி வெளிவந்தது. அதற்கு முன்னரே, 1983-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், வடக்கே கூர்கானில் மாருதி 800 பிறந்தது. 796 கன சென்டிமீட்டர் அளவும் மூன்று சிலிண்டர்களும் கொண்ட அச்சிறு வண்டி 2014-ஆம் ஆண்டு வரையில் உற்பத்தியாயிற்று. செல்வர்க்கே உரியதாயிருந்த மோட்டார் வண்டியை நம்போன்ற மாதச் சம்பளக்காரர் வீட்டு வாயிலில் கொணர்ந்து நிறுத்தியவை இவைபோன்ற சிறு வண்டிகளே.

நம் அங்கத்தினர் பலரிடம் இன்று உள்ளவை, பிறர் பல்லாண்டு ஓட்டி விற்ற அத்தகைய பழைய வண்டிகள். சிலர் முதிய தாயை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வைத்திருக்கின்றனர். சிலர் அதனைக் கொண்டே பிழைக்கின்றனர். வண்டி வாங்கும் பொருளை எவ்வாறோ திரட்டிவிடுகிறோம். அதற்கு ஊற்றும் பெட்ரோலே மாதந்தோறும் குடும்பத்தை அரிக்கின்றது. நம் நாடு தனக்கு வேண்டும் கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கும் மேல் அயல்நாடுகளினின்றே வாங்குகின்றது. ஆதலின் இச்சிக்கனம் வீட்டுக்கும் நாட்டுக்கும் பொதுவான கடமையாகும்.

சிக்கனத்தின் முதற்பாடம் யாது? பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் நாம் விலைகொடுத்து வாங்கிய பெட்ரோலை வெப்பமாக்கிக் காற்றில் விடுகின்றோம் என்பதே. பூந்தமல்லியினின்று செம்பரம்பாக்கம் செல்லும் வழியில், முன்செல்லும் லாரியின் முதுகில் முட்டுவதுபோல் விரைவதும், உடனே பிரேக்கை மிதிப்பதும், மீண்டும் விரைவதுமாக ஓட்டுவோரைக் காண்கின்றோம். அவர் முந்திச் சென்று நிற்கும் அதே சந்தியில், நிதானமாகச் செல்பவரும் சற்று நேரத்தில் வந்து நிற்கின்றார். முன்வண்டிக்கு இடைவெளி விட்டு, நெடுந்தொலைவு நோக்கி, நிற்கவேண்டிய இடம் தெரிந்தவுடனே காலைத் தூக்கிவிடுபவனே சிக்கனக்காரன்.

இரண்டாவது பாடம் வேகம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கேற்ப வளர்வது. மணிக்கு 55 கிலோமீட்டர் செல்பவர் 80 கிலோமீட்டருக்கு ஏறினால், வேகம் ஒன்றரை மடங்கும் ஆகவில்லை. காற்றின் எதிர்ப்போ இருமடங்குக்கு மேல் ஆகிவிடுகின்றது. 1978-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கத்தார், மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வரையிலான வேகமே சிக்கனமானது என்று அறிவுறுத்தி வருகின்றனர். எஞ்சின் திணறாத அளவில் விரைவிலேயே மேல் கியருக்கு மாறுதல், நெடுநேரம் நிற்கவேண்டிய சந்திகளில் எஞ்சினை நிறுத்திவிடுதல், வேண்டாச் சுமைகளை இறக்கிவிடுதல் ஆகியவையும் இதனைச் சார்ந்தவை. மயிலிறகே ஆயினும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நாம், வண்டியின் பின்பெட்டியில் ஆண்டுக்கணக்காகப் பழம்பொருள்களைச் சுமந்து திரிகின்றோம்.

மூன்றாவது, டயரின் காற்று. ஓட்டுநர் பக்கத்துக் கதவையடுத்து ஒட்டப்பெற்ற சீட்டிலோ வண்டியின் கையேட்டிலோ உரிய அழுத்தம் குறிக்கப்பட்டிருக்கும். டயர் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் அதனைச் சரிபார்த்தல் வேண்டும். காற்றுக் குறைந்த டயர் சேற்றில் நடப்பவன் கால்போல் இழுபடும்; பெட்ரோலையும் தின்னும்; தானும் தேய்ந்துபோகும்.

இனி, பொய்ச் சிக்கனம் ஒன்றைப்பற்றிச் சொல்லவேண்டும். அதற்காகவே இன்று வந்தேன் என்றாலும் தகும்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு விடுமுறையில், மனைவி மக்களோடு ஏலகிரி மலைக்குச் சென்றிருந்தேன். அம்மலைச் சாலையில் 14 கொண்டையூசி வளைவுகள் உண்டு. அவற்றுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயர்களை இட்டிருக்கின்றனர். பின்னிருக்கையில் இருந்த பிள்ளைகளுக்கு அப்பெயர்களின் பெருமையை எடுத்துச் சொல்லிக்கொண்டே இறங்கினேன். 'இறக்கந்தானே, எஞ்சினுக்கு ஏன் வீண்வேலை?' என்று கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு, பிரேக்கை மட்டுமே நம்பி வந்தேன். பாதி வழியில் கருகிய நாற்றம் எழுந்தது. அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தபொழுது மிதி முன்போல் நிற்கவில்லை. காலோடு கீழே இறங்கிற்று. எப்படியோ மூன்றாம் கியரில் தள்ளி, பின்னர் இரண்டாம் கியருக்கு இறக்கி, கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, மலைப்பக்கச் சுவரையொட்டி வண்டியை நிறுத்தினேன். மறுபக்கம் பள்ளத்தாக்கு. "ஏன் நின்றுவிட்டோம், அப்பா?" என்று இளைய மகள் கேட்டாள். பதினாறாண்டு பாடம் சொன்ன நாவுக்கு அப்பொழுது ஒரு சொல்லும் வரவில்லை.

ஊர் திரும்பியபின், பூந்தமல்லியில் பழுதுபார்ப்புக் கொட்டகை வைத்திருக்கும் நம்மவரான இளைஞர் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுசென்று, நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "ஐயா, உங்கள் வண்டி கார்ப்புரேட்டர் வண்டி அன்று. கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், பெட்ரோல் பீய்ச்சும் குழல்கள் தாமே அடைத்துக்கொள்ளும். சக்கரமே எஞ்சினைச் சுழற்றும். நியூட்ரலில் தள்ளிவிட்டால், எஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் பீய்ச்சியே ஆகவேண்டும். நீங்கள் மிச்சம் பிடிக்கவில்லை ஐயா, கூடுதலாகச் செலவழித்திருக்கிறீர்கள்" என்றார். சில காசுக்காக என் குடும்பத்தையே பணயம் வைத்தேன் என்று அதுவரை வருந்தியிருந்தேன். அச்சில காசும் மிச்சமில்லை என்று அன்று அறிந்தபோது தலைகுனிந்தேன்.

மாருதி 800 வண்டிகளில் 2000-ஆம் ஆண்டையொட்டிக் கார்ப்புரேட்டர் போய்ப் பீய்ச்சுமுறை வந்தது. சான்ட்ரோ தொடக்கமுதலே அம்முறையினது. பழைய கார்ப்புரேட்டர் வண்டியில் நியூட்ரலால் சில துளிகள் மிஞ்சக்கூடுமாயினும், எஞ்சினின் தடுப்பாற்றலை இழப்பதனால் அதுவும் தகாது. இறக்கத்தில் எஞ்சினையே நிறுத்திவிடுவது இன்னும் கொடிது. பிரேக்குக்குத் துணைநிற்கும் வெற்றிட ஆற்றல் சில மிதிகளில் தீர்ந்துபோம். சாவியை எடுத்துவிட்டால் ஸ்டியரிங்கும் பூட்டிக்கொள்ளும். ஏறிய கியரிலேயே இறங்குக என்னும் பழைய ஓட்டுநர் வாக்கை மறவாதீர்.

அடுத்து, பழுதறியும் முறை. வண்டியின் நோயை முதலில் உணர்த்துவது மைலேஜ் கணக்கே. தொட்டியை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு, மறுமுறை நிரப்பும்பொழுது ஊற்றிய லிட்டரால் வகுத்தல் வேண்டும். 375 கிலோமீட்டருக்கு 25 லிட்டர் என்றால், லிட்டருக்கு 15. வீட்டுக் கணக்கு நோட்டிலேயே இதற்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மாதம் 1000 கிலோமீட்டர் ஓட்டுபவர் 15-ஐ 17 ஆக உயர்த்தினால், ஆண்டுக்கு ஏறக்குறைய 94 லிட்டர் மிஞ்சும். பிள்ளைகளின் புத்தகச் செலவுக்கு அது உதவாதா?

அக்கணக்குத் திடீரெனக் குறைந்தால் எளிய காரணத்தை முதலில் தேடுக. சிறிது தூரம் ஓட்டி நிறுத்தியபின், ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் உள்ளங்கையைத் தொடாமல் நீட்டிப் பாருங்கள். ஒன்றில் மட்டும் அனல் மிகுந்திருந்தால் அங்கே பிரேக்குப் பிடித்துக்கொண்டிருக்கின்றது. கார்ப்புரேட்டர் வண்டியாயின், காலையில் இழுத்த சோக்குப் பிடியை உள்ளே தள்ள மறந்தோமா என்று பார்க்கவேண்டும்; கரும்புகையே அதற்குச் சான்று. காற்று வடிகட்டி அடைபட்டாலும் அவ்வண்டி மிகுதியாகக் குடிக்கும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அது மருத்துவர் பார்க்கும் நாவைப்போல் நிலைமையைச் சொல்லும். இளம் பழுப்பு நிறம் நலம். கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு அல்லது வெப்ப மிகுதி. எஞ்சின் நெடுநேரம் ஓடியும் சூடேறாதிருந்தால் தெர்மோஸ்டாட்டுத் திறந்தபடியே நின்றிருக்கலாம். அதுவும் பெட்ரோலைத் தின்னும்.

வெப்பமுள் மேலேறினால், 'வீடு அருகில்தானே' என்று ஓட்டவே கூடாது. குளிர்சாதனத்தை நிறுத்தி, ஓரமாக ஒதுங்கி, எஞ்சினை அணைத்துவிடுங்கள். சூடாயிருக்கும்பொழுது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பாயும். ஆறியபின் நீரளவு, குழாய்க் கசிவு, விசிறி சுழல்கின்றதா என்பவற்றைப் பாருங்கள். இரண்டு கிலோமீட்டர் பொறுமை இல்லாமையால் எஞ்சின் தலைப்பகுதியே வளைந்து, வண்டியின் விலையில் பெரும்பங்கைச் செலவழித்தோர் உண்டு.

இன்னொன்று. பெட்ரோலில் எத்தனால் கலக்கும் அளவு நம் நாட்டில் 2025-ஆம் ஆண்டில் 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனாலின் எரியாற்றல், அதே அளவு பெட்ரோலினதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே. ஆதலின் மைலேஜ் சிறிது குறைவது இயல்பு. அதற்காகப் பழுதுபார்ப்பவரைப் பழித்தல் ஆகாது. ஆனால் இக்கலவைக்கென அமையாத பழைய ரப்பர்க் குழாய்களை எத்தனால் நாளடைவில் கெடுக்கக்கூடும். வண்டியருகே பெட்ரோல் நாற்றம் எழுந்தால் அன்றே குழாய்களைப் பார்த்து, எத்தனாலைத் தாங்கும் புதியவற்றை மாற்றிவிடுங்கள். அதில் சிக்கனம் பார்த்தல் நெருப்போடு விளையாடுவதாகும்.

அன்பர்களே! எனக்கு உண்மையை உணர்த்திய அவ்விளைஞரைப்பற்றி ஒரு சொல் கூறி முடிக்கின்றேன். அவருக்குப் பெண் கேட்டுச் சென்ற இடத்தில், 'மாப்பிள்ளை கையெல்லாம் கரி' என்று மறுத்தனராம். மறுத்தவரும் நம் சங்கத்தவரே என்பதைக் கூற வெட்கப்படுகின்றேன். என் மக்கள் இன்று நலமாயிருப்பதற்கு என் ஏட்டுக் கல்வி காரணமன்று. என் அறியாமையைப் போக்கியது அக்கரிபடிந்த கையே. அத்தொழிலறிந்த நம் இளைஞர்களை மூன்று மாதத்திற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்க வளாகத்திற்கு மரியாதையுடன் அழைத்து, உரிய ஊதியமும் கொடுத்து, அங்கத்தினர் வண்டிகளின் டயர், பிரேக்கு, குழாய் ஆகியவற்றைப் பார்வையிடச் செய்யவேண்டுமென்று காரியக் கமிட்டியாரைப் பணிவுடன் வேண்டிக்கொள்கின்றேன். அன்று வண்டிகளை வரிசையில் நிறுத்தும் வேலையை நானே ஏற்றுக்கொள்கின்றேன்.