கடலோடியின் முகம்



திருகோணமலையில் கல்யாணம் பேசுகிறவர்களிடம் அந்நாளில் ஒரு கணக்கு இருந்தது. கச்சேரிக் கிளாக்கர் அடக்கமானவர். வாத்தியார் சிக்கனக்காரர். அப்புக்காத்து வீட்டிலும் வழக்காடுவார். துறைமுகத்துக்காரனோ குடியன், முரடன். 1957இல் பிரித்தானியர் தங்கள் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் கையளித்துவிட்டுப் போனார்கள். இந்தக் கணக்கு மட்டும் போகவில்லை.

என் அக்காவுக்கு, இழுவைப் படகொன்றில் இயந்திரம் பார்த்த ஒருவரைப் பேசி வந்தார்கள். விசாரித்து வரும்படி ஐயா என்னை அனுப்பினார். துறைமுக வாசலடித் தேநீர்க் கடையில் இருந்து கேட்டேன். "தம்பி, துறைமுகத்தார் எல்லாரும் ஒரே அச்சுத்தானே, நான் சொல்லவும் வேணுமே?" என்றார் கடைக்காரர். அந்த ஒரு வாக்கியத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பேச்சு முறிந்தது.

பல வருடங்களின் பின் ஜேன் ஒஸ்ரினின் 'பேர்சுவேசன்' நாவலை வாசித்தபோது அந்தத் தேநீர்க் கடை நினைவுக்கு வந்தது. சேர் வோல்டர் எலியட் என்ற பிரபுவுக்குக் கடற்படையினரைக் கண்டால் ஆகாது. வெயிலும் உப்புக் காற்றும் பட்டு முகம் காய்ந்தவர்கள் என்பது அவர் குறை. உடனிருக்கும் திருமதி கிளே, தொழில் ஒவ்வொன்றும் தன் ஆளை எப்படித் தேய்க்கிறது என்று பட்டியல் போடுகிறாள்: போர்வீரன், வக்கீல், வைத்தியர், பாதிரியார். தொழிலே பார்க்காத சீமான்கள்தாம் அழகு குலையாதவர்கள் என்று முடிக்கிறாள். அவள் ஒரு விதவை, பிரபுவும் மனைவியை இழந்தவர் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

ஆனால் கதை போகப் போக வருகிற கடலோடிகள் வேறு விதமானவர்கள். காலில் ஊனமுற்ற கப்டன் ஹார்வில் சின்ன வீட்டில் தச்சுவேலை செய்கிறார், பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் செய்கிறார், வேறு வேலை இல்லையென்றால் மீன்வலை முடிய உட்காருகிறார். நம் கரையோரத்து மனிதர் மாதிரி இல்லையா? கப்டன் பென்விக் கவிதைப் பைத்தியம்.

ஜேனின் சகோதரர் இருவர் கடற்படையில் இருந்தவர்கள். இளையவர் சார்ள்ஸ், 1801இல் எதிரிக் கப்பலைப் பிடித்ததற்குக் கிடைத்த பங்குப் பணத்தில் சகோதரிகளுக்குத் தங்கச் சங்கிலியும் புஷ்பராகச் சிலுவையும் வாங்கினார். 'மான்ஸ்பீல்ட் பார்க்' நாவலில் மாலுமி வில்லியம் தங்கைக்கு அம்பர்ச் சிலுவை கொண்டுவந்து கொடுப்பது இதிலிருந்துதான் பிறந்திருக்க வேண்டும். ஜேன் வெள்ளை பூசவுமில்லை. அதே வில்லியத்தின் தகப்பன் கடற்படைவீரர் பிரிவில் இருந்தவர், குடிப்பார், கத்துவார். ஒரே வீடு, ஒரே கடல், இரண்டு மனிதர்.

அந்தச் சார்ள்ஸ் எங்கள் ஊரில்தான் அடக்கமாகியிருக்கிறார். கிழக்கிந்தியக் கடற்படைப் பிரிவின் தளபதியாக இருந்து, இரண்டாம் பர்மியப் போரின்போது, 1852 ஒக்ரோபரில் ஐராவதி ஆற்றில் கப்பலிலேயே வாந்திபேதி கண்டு இறந்தார். வயது 73. தமக்கை இறந்து 35 வருடங்கள் ஆகியிருந்தன. திருகோணமலையின் பழைய ஐரோப்பியர் சேமக்காலையில் அவரைப் புதைத்தார்கள். அவருடைய மென்மையும் இரக்கமும் எல்லாரையும் கவர்ந்தன, அவர் இறந்தபோது தேம்பி அழுதேன் என்று உடனிருந்த அதிகாரி ஒருவர் எழுதியது, குடும்பத்தார் வெளியிட்ட நினைவுநூலில் இருக்கிறது.

அக்கா கிளாக்கர் ஒருவரைக் கல்யாணம் செய்தாள். நல்ல மனிதர், அடக்கமானவர் என்று மட்டும் சொல்ல மாட்டேன். ஒருநாள் அந்தச் சேமக்காலை மதிலோரமாக இருவரும் நடந்து வந்தோம். "அண்டைக்கு நீ விசாரிக்கப் போன ஆள், பார்க்க எப்பிடி இருந்தவர்?" என்று கேட்டாள்.

நான் அவரைப் பார்க்கவேயில்லை. அதை அவளிடம் சொல்லவுமில்லை.