பணியியல்பும் வாழ்தொழிலும்: நாஞ்சில் நாட்டு வாழ்க்கைகள் சில

ஒருவர் தாம் செய்யும் வேலையைத் தனித்திருந்து செய்ய விரும்புகிறாரா, பலரோடு கூடிச் செய்ய விரும்புகிறாரா, ஒரே செயலைச் சலிப்பின்றித் திரும்பத் திரும்பச் செய்வதில் அமைதி காண்கிறாரா, நாள்தோறும் புதிய சிக்கல் ஒன்று எதிர்ப்பட்டால்தான் ஊக்கம் கொள்கிறாரா, பிறர் வகுத்த ஒழுங்கில் நிற்கும்போது நன்கு இயங்குகிறாரா, தாமே வகுத்துக்கொள்ளும்போது நன்கு இயங்குகிறாரா என்னும் கேள்விகளுக்கான விடைகளின் தொகுப்பையே இங்குப் பணியியல்பு என்னும் சொல் குறிக்கிறது. இது திறமையினின்றும் விருப்பத்தினின்றும் வேறானது. கணக்கில் வல்லவர் ஒருவர் பேரேட்டின்முன் பத்து ஆண்டுகள் அமர்ந்திருக்கப் பொறாதவராக இருக்கலாம். மருத்துவராக வேண்டும் என்று உளமார விரும்பும் ஒருவர் நோயாளியின் உறவினர் கேட்ட கேள்வியையே பத்தாம் முறை கேட்கும்போது பொறுமை இழப்பவராக இருக்கலாம். திறமையைத் தேர்வு காட்டிவிடும், விருப்பத்தை வாயே சொல்லிவிடும். பணியியல்போ வேலையில் இறங்கிச் சில காலம் சென்ற பின்னரே தெரியவருவது என்பதால், பலர் அதனை அறியாமலே ஓய்வுபெறும் வயதை எட்டிவிடுகின்றனர்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் இரு தொழில்களை அருகருகே வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். குலசேகரம், பேச்சிப்பாறைப் பகுதிகளில் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி, குளிர்ந்த வேளையில்தான் பால் நன்கு வடியும் என்பதால் விடியுமுன்னரே தோட்டத்துக்குச் செல்கிறார். சாய்வாக அமைந்த பழைய வெட்டின் விளிம்பில் மெல்லிய பட்டைச் சீவல் ஒன்றை மட்டும் எடுக்க வேண்டும். கத்தி சற்று ஆழ இறங்கி மரத்தைத் தொட்டுவிட்டால் அவ்விடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, பின்னர் அங்கே ஒழுங்காக வெட்ட இயலாமற் போகும். ஒரே செயலை, ஒரே அளவோடு, ஒரு காலைப்பொழுதில் நூற்றுக்கணக்கான மரங்களில், பெரும்பாலும் பேச்சுத்துணையின்றிச் செய்ய வேண்டியிருக்கிறது. அதே மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில், தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களினின்று ஆழ்கடலுக்குச் செல்லும் மீனவர்களோ ஒரே விசைப்படகில் பல வாரங்கள் ஒருவரை ஒருவர் விட்டு விலக இடமின்றி வாழ்கின்றனர். காற்றும் நீரோட்டமும் மாறும்போதெல்லாம் முந்திய நாளின் முடிவை மாற்றிக்கொள்கின்றனர். இவ்விரு தொழில்களுள் ஒன்று உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆயினும் முன்னதில் நிறைவு காண்பவர் பின்னதிலும் காண்பார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

வினையைத் தக்காரிடம் ஒப்படைக்கும் முறையைத் திருக்குறள் தெரிந்துவினையாடல் என்னும் 52ஆம் அதிகாரத்தில் விரித்துரைக்கிறது. வலியறிதல் என்னும் 48ஆம் அதிகாரம், தன் வலிமையின் எல்லையை உணராமல் முனைபவன் இடையில் முறிவதை எடுத்துக்காட்டுகிறது. மேலைநாட்டில் இந்தச் சிந்தனை தொழில் வழிகாட்டுதல் என்னும் தனித்துறையாக வளர்ந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1908இல் தொழில் ஆலோசனை நிலையம் நிறுவிய பிராங்க் பார்சன்ஸ், தன்னை அறிதல், தொழில்களை அறிதல், இரண்டையும் பொருத்திப் பார்த்தல் என்ற முறையை வகுத்தார். பிற்காலத்தில் ஜான் ஹாலண்ட் என்னும் உளவியலாளர் தொழில் நாட்டங்களைச் செய்முறை, ஆராய்ச்சி, கலை, சமூகத் தொண்டு, முனைவு, ஒழுங்குமுறை என ஆறாகப் பகுத்தார். வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்களில் இன்று வழங்கும் வினாத்தாள்கள் பல இவ்வகைப் பகுப்புகளின் வழிவந்தவை.

அவ்வினாத்தாள்களுக்கு ஓர் எல்லை உண்டு. மனிதரைப் பதினாறு வகையாகப் பிரித்துக்காட்டும் புகழ்பெற்ற தேர்வு ஒன்றைச் சில வாரங்கள் கழித்து மீண்டும் எழுதும்போது, கணிசமானோர் வேறு வகையினராக மாறிவிடுகின்றனர். ஆளுமையின் ஐந்து பெருங்கூறுகளையும் வேலைத்திறனையும் ஒப்பிட்டு, அதுவரை நடந்த பல ஆய்வுகளை 1991இல் தொகுத்து நோக்கிய பாரிக், மவுண்ட் ஆகிய இருவரும், எல்லாவகைத் தொழிலிலும் நல்ல பணியோடு சீராகத் தொடர்புடைய கூறு, எடுத்ததைக் கருத்தூன்றி முடிக்கும் பொறுப்புடைமையே என்று கண்டனர். இவற்றினும் கருதத்தக்க முடிவு ஒன்று பின்னர் வந்த ஆய்வுகளில் வெளிப்பட்டது. ஒருவரது இயல்பைப் பற்றி அவரே தரும் மதிப்பீட்டைவிட, அவரோடு பழகியவர்கள் தரும் மதிப்பீடு அவரது பணித்திறனை நன்றாக முன்னுணர்த்துகிறது. தன்னை அறிதல் என்பது தனியறையில் கண்மூடிச் செய்யத்தக்க காரியம் என்னும் எண்ணம் இதனால் தளர்ந்துபோகிறது. செய்த வேலையும் அதைக் கண்டவர் சொல்லும் சேர்ந்தே ஒருவருக்கு அவரைக் காட்டுகின்றன.

இக்கேள்வியை எழுப்பும் உரிமையே, இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் அடங்கும் நாஞ்சில் நாட்டில் எல்லோர்க்கும் ஒரே காலத்தில் கிடைத்துவிடவில்லை என்பதை மறந்து இப்பொருளை ஆராய்வது நேர்மையாகாது. இந்நாடு அடங்கியிருந்த பழைய திருவிதாங்கூரில் ஒருவரது தொழிலைப் பிறப்பு முடிவு செய்தது. இன்னார் இன்ன வழியில் நடக்கலாம், இன்ன ஆடை அணியலாம் என்பதுவரை வகுக்கப்பட்டிருந்த சமூகத்தில், பனையேறியின் மகனிடம் அவனது பணியியல்பு யாது என்று எவரும் கேட்கவில்லை. 1806இல் மயிலாடிக்கு வந்த கிறித்தவ மறைப்பணியாளர் ரிங்கல்தௌபே தொடங்கிய பள்ளிப் பணியும், அதன் வழியில் நாகர்கோவிலில் வளர்ந்த கல்விக்கூடங்களும், அதே மறைப்பணியைச் சேர்ந்த மார்த்தா மால்ட் பெண்களுக்குக் கற்பித்த பின்னல் வேலையும் தத்தம் சமயநோக்கம் உடையவையே எனினும், பலருக்கு முதன்முறையாக இரண்டாவது ஒரு தொழிலைக் கண்முன் நிறுத்தின. தெரிவு செய்ய இரண்டு பொருள்களேனும் இருந்தாலன்றித் தன்னியல்பு பற்றிய அறிவுக்குப் பயன் விளையாது.

பணியியல்பு தொழிலுக்குள்ளேயே மலர்ந்து, பின்னர் அதனையும் கடந்து நின்றதற்கு இந்நாடு தந்த தலைசிறந்த சான்று கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் வாழ்க்கை. 1876 ஜூலை 27 அன்று தேரூரில் பிறந்த அவர், பள்ளியில் மலையாளம் பயின்று, தமிழைச் சாந்தலிங்கத் தம்பிரானிடம் கற்றார். கோட்டாற்றில் பள்ளி ஆசிரியராகத் தொடங்கி, நாகர்கோவிலில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியிலும் திருவனந்தபுரத்தில் மகளிர் கல்லூரியிலும் பணியாற்றி, முப்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஆசிரியப் பணிக்குப் பின் 1931இல் ஓய்வுபெற்றுப் புத்தேரியில் தங்கினார். அவரது கவிதைத் தொகுதியான மலரும் மாலையும் 1938இல் வெளிவந்தபோது அவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. ஆசிய ஜோதி 1941இலும், நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம் நூலாக 1942இலும், உமர் கய்யாம் பாடல்கள் 1945இலும் வந்தன.

கவிஞர் ஒருவர் வயிற்றுப்பாட்டுக்காக வாத்தியார் வேலை பார்த்தார் என்று இவ்வாழ்க்கையைச் சுருக்கிவிடுவது எளிது; அது பிழையான கணிப்பு. பசுவும் கன்றும் பற்றி அவர் குழந்தைகளுக்குப் பாடிய பாட்டை உற்றுநோக்கினால், ஒவ்வோர் அடியும் ஒரு காட்சியையோ ஒரு செயலையோ மட்டும் ஏந்திவருவதையும், பொருள் கேட்டுக் குழந்தை நடுவில் நிற்கவேண்டிய சொல் ஒன்றேனும் இல்லாதிருப்பதையும் காணலாம். ஒரு சொல் சிறுவர் காதில் எப்படி விழும், எங்கே அவர் கவனம் நழுவும் என்று வகுப்பறையில் ஆண்டுக்கணக்கில் கண்டறிந்தவருக்கே அந்த எளிமை கைகூடும். எட்வின் ஆர்னால்டின் ஆங்கிலக் காவியத்தைத் தழுவி ஆசிய ஜோதியை எழுதியபோதும் அவர் புலமையைக் காட்டப் புகவில்லை. படிப்பறிவு குறைந்தவரும் பாடத்தக்க நடையையே கைக்கொண்டார். தென் திருவிதாங்கூர்க் கல்வெட்டுகளை ஆராய்ந்து காந்தளூர்ச்சாலை பற்றி ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வாளரும் அவரே. தேய்ந்த எழுத்தைப் பொறுத்திருந்து படிப்பதும், தடுமாறும் மாணவருக்குப் பொறுத்திருந்து விளக்குவதும், சொல்லைப் பொறுத்திருந்து தேர்வதும் ஒரே பணியியல்பின் மூன்று வெளிப்பாடுகள். சொத்து மருமக்கள்வழிச் செல்லும் தாயமுறையின் கேடுகளை எடுத்துரைத்த மான்மியத்தில் அவர் சினந்து முழங்காமல், துன்புறும் பெண் ஒருத்தி தானே தன் கதையைச் சொல்லுமாறு அமைத்ததும் அவ்வியல்புக்கு ஏற்றதே.

கவிமணியின் காலத்தவரான எஸ். வையாபுரிப் பிள்ளையின் வழி வேறு. 1891இல் பிறந்து, திருவனந்தபுரத்திலும் பின்னர் திருநெல்வேலியிலும் வழக்குரைஞராக இருந்த அவர், அத்தொழிலில் இருந்துகொண்டே 1922இல் மனோன்மணியம் என்னும் நாடகத்தைப் பதிப்பித்தார். 1926இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதிக்குப் பதிப்பாசிரியராக அமர்ந்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட அப்பெரும்பணி 1936இல் ஆறு தொகுதிகளாக நிறைவெய்தும் வரை அதில் உழைத்தார். சான்றைத் தேடுதல், முரண்படும் சான்றுகளை நிறுத்துப் பார்த்தல், ஐயத்துக்கு இடமிருப்பின் தீர்ப்பைத் தள்ளிவைத்தல் ஆகியவை வழக்குமன்றத்துக்கும் வேண்டியவையே எனினும், அகராதியில் அவை வேலை முழுவதுமாகவே அமைகின்றன. கவிமணி தம் தொழிலில் நின்றே தம் இயல்பை வளர்த்தார். வையாபுரிப் பிள்ளை தம் இயல்புக்கு முழு இடம் தரும் தொழிலுக்கு மாறினார். மாறுவதற்கு முன்னரே ஓய்வுநேரப் பணியில் அவ்வியல்பு சோதித்தறியப்பட்டிருந்தது என்பது, வேலையை விட்டுவிடத் துடிக்கும் இளைஞர் ஒவ்வொருவரும் ஆழ்ந்து எண்ணத்தக்க செய்தி.

மூன்றாவது வழியும் உண்டு. நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடத்திய சுந்தர ராமசாமியின் மூன்று நாவல்கள் 1966, 1981, 1998 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. ஒவ்வொன்றுக்கும் இடையே பதினைந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ. இத்தனை மெதுவாகவும் திருத்தமாகவும் எழுதும் இயல்புடைய ஒருவர் எழுத்தையே பிழைப்பாகக் கொண்டிருந்தால், வாரந்தோறும் தொடர்கதை எழுதித் தம் இயல்புக்கு மாறாக நடந்திருக்க வேண்டும். கடை அந்த நிதானத்துக்குக் காவலாக நின்றது. அந்நாவல்களுள் முதலாவதான ஒரு புளியமரத்தின் கதையில் நிறைந்திருக்கும் கடைத்தெரு வாழ்வை நாள்தோறும் அவர் கண்முன் நிறுத்தவும் செய்தது. தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்து மிளகாய் வணிகம் செய்த தோப்பில் முகமது மீரானின் முதல் நாவல் அவரது நாற்பதுகளில், 1988இல் நூலாயிற்று. வீரநாராயணமங்கலத்தில் பிறந்து, கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்றும் ஊரில் வேலை அமையாமல் மும்பைக்குச் சென்று, விற்பனைப் பணியில் ஊர் ஊராக அலைந்த நாஞ்சில் நாடனின் மிதவை என்னும் நாவல், படித்த நாஞ்சில் இளைஞன் வேலை தேடிப் பெயரும் நிலையையே பொருளாகக் கொண்டது. இம்மூவர்க்கும் வருவாய்த் தொழில் ஒன்றாகவும் வாழ்தொழில் மற்றொன்றாகவும் இருந்தன. ஒன்றை மற்றொன்றுக்குப் பகையாக்காமல் காத்தது, தம் இயல்பு எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்னும் தெளிவே என்று கருத இடமுண்டு.

இம்மாவட்டத்தில் இன்று பத்தாம் வகுப்பு முடிவு வந்த வாரத்திலேயே பாடப்பிரிவு தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. மதிப்பெண் மிகுந்தால் உயிரியலும் கணிதமும் சேர்ந்த முதற்பிரிவு. பின்னர்ப் பொறியியல், செவிலியம் அல்லது அரசுத் தேர்வு. அதன்பின் பெங்களூரோ வளைகுடாவோ. கடன்பட்டுப் படிக்கவைக்கும் குடும்பங்களின் அச்சம் நியாயமானது. சர்க்கார் உத்தியோகத்தின் மீதுள்ள பற்றையும் பழிக்க வேண்டியதில்லை, ஏனெனில் தலைமுறைகளின் வறுமையிலிருந்து பலரைக் கரையேற்றியது அதுவே. ஆனால் அரசு அலுவலகம் ஒன்றினுள்ளேயே மக்களை நேரில் சந்திக்கும் இருக்கையும், கோப்பை மட்டும் நோக்கும் இருக்கையும், களத்தில் அலையும் பொறுப்பும் வெவ்வேறாக இருக்கின்றன. செவிலியத்திலும் அவசரப் பிரிவுக்கு ஏற்ற இயல்பு ஒன்று, நெடுநாள் நோயாளரைப் பேணுவதற்கு ஏற்ற இயல்பு மற்றொன்று. தொழிலைத் தெரிவு செய்ய இயலாதவருக்கும் தொழிலுக்குள் இடத்தைத் தெரிவு செய்யும் வாய்ப்பு ஓரளவு இருக்கவே செய்கிறது. அந்த வாய்ப்பைத் தன்னியல்பு அறியாதவர் கண்டுகொள்வதில்லை.

எனவே இம்மாவட்டப் பள்ளி ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் வைக்கத்தக்க வேண்டுகோள் ஒன்று உண்டு. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே ஒவ்வொரு மாணவரும் எந்த வேலையை ஏவாமலே தொடங்கினார், எதைப் பாதியில் விட்டார், எதில் நேரம் போவது தெரியாமல் இருந்தார், குழுவில் அவரிடம் பிறர் எதை ஒப்படைத்தனர் என்பவற்றை ஓராசிரியரேனும் ஒரு நோட்டில் குறித்துவர வேண்டும். பாடப்பிரிவு தெரிவு செய்யும் நாளில் மதிப்பெண் பட்டியலோடு அந்த நோட்டும் மேசைமேல் இருக்கட்டும். அதைப் படித்துப் பார்த்து முதலிற் பேசுபவர் அந்த மாணவராகவே இருக்கட்டும்.