ருஷ்யப் பதக்கங்களில் கடல் வெற்றிகள்

நாணயம் வேறு, பதக்கம் வேறு. நாணயம் சந்தைக்குச் செல்வது. கைமாறிக் கைமாறித் தேய்வது. பதக்கமோ மார்பில் தொங்குவது, அல்லது பேழையில் உறங்குவது. ஆயினும் இரண்டும் உலோகத்தில் எழுதிய ஏடுகளே. மாணவர்களே, போர்கள் நடந்த ஆண்டுகளை நீங்கள் பாடநூலில் படிக்கின்றீர்கள். வென்றவன் தன் வெற்றியைத் தன் மக்களுக்கு எவ்வாறு எடுத்துச் சொன்னான் என்பதை அறிய வேண்டுமானால் இவ்வேடுகளையும் புரட்ட வேண்டும். ருஷ்யர் கடலில் பெற்ற வெற்றிகளைக் கூறும் மூன்று பதக்கங்களையும் ஒரு நாணயத்தையும் பற்றி இன்று பேச எண்ணுகின்றேன்.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பால்டிக் கடற்கரையில் ருஷ்யருக்கு இடமில்லை. அக்கரை ஸ்வீடன் வசம் இருந்தது. 1703-ஆம் ஆண்டில் பீட்டர் மன்னரின் படை நேவா ஆற்றின் கழிமுகத்தருகே இருந்த ஸ்வீடன் கோட்டையைப் பிடித்தது. அச்செய்தி அறியாமல் ஸ்வீடன் நாட்டுக் கப்பல்கள் அங்கே வந்து, பீரங்கி வெடித்து அடையாளம் காட்டின. கோட்டையிலிருந்த ருஷ்யரும் அவ்வாறே வெடித்து மறுமொழி தந்தனர்! கழிமுகத்தில் நங்கூரம் பாய்ச்சிய இரு கப்பல்களை, மே 18-ஆம் நாள், 30 படகுகளில் சென்ற தரைப்படை வீரர்கள் தாக்கிப் பிடித்தனர். தலைமை தாங்கியவர்கள் பீட்டரும் அவருடைய நண்பர் மென்ஷிகோவும். இதற்கென அடித்த பதக்கத்தின் வாசகம், ‘நிகழாதது நிகழ்கின்றது’ என்னும் பொருளுடையது. அதில் செருக்கைவிட வியப்பே மிகுதி என்று எனக்குத் தோன்றுகின்றது. அதிகாரிகளுக்குப் பொன்னிலும் சிப்பாய்களுக்கு வெள்ளியிலும் அதனை வழங்கினர். எளிய சிப்பாய்க்குப் பதக்கம் அளிப்பது அக்கால ஐரோப்பாவில் அரிய வழக்கம்.

பதினொரு ஆண்டுகள் கழித்து, 1714 ஆகஸ்டு 7-இல், பின்லாந்துக் கரையில் காங்குட் என்னுமிடத்தில் நிகழ்ந்தது அடுத்த வெற்றி. காற்று ஓய்ந்தபடியால் ஸ்வீடனின் பெரிய பாய்க்கப்பல்கள் அசையமாட்டாமல் நின்றன. ருஷ்யரின் துடுப்புக் கப்பல்களோ அவற்றைக் கடந்து சென்று, குறுகிய நீர்வழி ஒன்றில் நின்ற ‘எலெஃபண்ட்’ என்ற கப்பலையும் அதனுடன் இருந்த ஒன்பது கலங்களையும் மூன்றாம் தாக்குதலில் கைப்பற்றின. முயற்சியும் பற்றுறுதியும் பெரிதும் மேம்படும் என்பது இப்பதக்கத்தின் வாசகத்துக்குப் பொருள். பள்ளிச் சுவரில் எழுதிவைக்கத்தக்க வாசகந்தான். ஆனால் காற்று ஓய்ந்ததைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

என் மனத்தை மிகவும் பற்றியது மூன்றாவது பதக்கம். 1768-இல் துருக்கியுடன் போர் மூண்டதும் இரண்டாம் காதரீன் அரசி தம் கப்பல்களைப் பால்டிக் கடலிலிருந்து ஐரோப்பாவையே சுற்றி மத்தியதரைக் கடலுக்கு அனுப்பினார். 1770 ஜூலை 5-ஆம் நாள் கியோஸ் தீவின் அருகே இரு படைகளும் மோதின. ருஷ்யக் கப்பலாகிய ‘புனித யூஸ்டேஷியஸ்’ துருக்கியரின் முதன்மைக் கப்பலோடு நெருங்கிப் பொருதுகையில், துருக்கிக் கப்பலில் தீப்பற்றியது. எரியும் பாய்மரம் ருஷ்யக் கப்பலின்மேல் சாய்ந்தது. வெடிமருந்து அறைக்குள் தீ புகுந்தது. 600 ருஷ்யருக்கு மேல் ஒரே நொடியில் மாண்டனர். துருக்கியர் செஸ்மே விரிகுடாவுக்குள் ஒதுங்கினர். ஜூலை 6-ஆம் நாள் நள்ளிரவுக்குப்பின், எரிபொருள் நிரப்பிய நான்கு தீக்கப்பல்களை ருஷ்யர் உள்ளே செலுத்தினர். அவற்றுள் லெப்டினன்ட் இலியின் செலுத்தியது இலக்கைச் சேர்ந்தது. நெருக்கமாக நின்ற கப்பல்களில் தீ ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிற்று. விடிவதற்குள் துருக்கிக் கடற்படை ஏறக்குறைய முழுதும் எரிந்தது. ஏறத்தாழ 10,000 துருக்கியர் மாண்டதாக மதிப்பிடுகின்றனர்.

அங்கிருந்த ருஷ்ய மாலுமிகளுக்கு நீலநாடாவில் கோத்து அளித்த வெள்ளிப் பதக்கத்தின் ஒரு புறம் அரசியின் உருவம். மறுபுறம் எரியும் துருக்கிக் கப்பல்கள். அவற்றின்மேல் ஒரே சொல். தமிழில் அதனை ‘இருந்தது’ எனலாம். இலக்கணம் பயிலும் மாணவர்கள் நோக்குக: இஃது எழுவாய் தோன்றாத வாக்கியம். எழுவாயைப் படம் காட்டுகின்றது. ஒரு கப்பற்படை இருந்தது, இனி இல்லை. இறந்தகால வினைமுற்று ஒன்று இத்துணைக் கொடுமையாகப் பயன்பட்டதை நான் வேறெங்கும் கண்டதில்லை. சுருங்கச் சொல்லல் அழகு என்று வகுப்பில் கற்பித்தவன் நான். இச்சொல்லின் அழகையும் மறுக்கமாட்டேன். ஆனால் ‘யூஸ்டேஷியஸ்’ கப்பலில் மாண்ட 600 பேரும் ‘இருந்தவர்களே’. பதக்கத்தின் படத்தில் அக்கப்பல் இல்லை. ஒரு பதக்கத்தைக் கையில் எடுத்தால், பொறித்ததைப் படித்தபின் பொறிக்காதது எது என்றும் கேளுங்கள்.

இனி நாணயம். காங்குட் வெற்றியின் 200-ஆம் ஆண்டு நிறைவுக்காக 1914-இல் வெள்ளி ரூபிள் ஒன்று அடித்தனர். ஒரு புறம் பீட்டர். மறுபுறம், நான்கு கடல்களின் வரைபடங்களை அலகுகளிலும் நகங்களிலும் பற்றிய இருதலைக் கழுகு. விழா நாள் புதிய பஞ்சாங்கப்படி ஆகஸ்டு 9. அதற்கு எட்டு நாள் முன்னே, ஆகஸ்டு 1-இல், ஜெர்மனி ருஷ்யாவின்மீது போர் தொடுத்தது. அந்த ரூபிள்களில் மிகச் சிலவே வெளிவந்தன, பெரும்பகுதியை உருக்கிவிட்டனர். சேகரிப்போருக்காக 1927-இல் பழைய அச்சைக்கொண்டு மீண்டும் சில அடித்தனர். 1914-இல் அடித்து உருக்காமல் எஞ்சியவை ருஷ்ய நாணயங்களுள் அரியவையாக எண்ணப்படுகின்றன.