மாலை யாருக்கு?

(கடையத்தில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



செயலாளர் அண்ணாச்சி என்னைப் பேசக் கூப்பிட்டபோதே, "வே, அரசியல் மட்டும் வேண்டாம்வே" என்று கேட்டுக்கொண்டார். நான் வருவாய்த் துறையில் முப்பது வருஷம் கோப்பு சுமந்தவன். எனக்கு அரசியல் பேச வராது, கோப்பு பேசத்தான் வரும். அதில் அரசியல் வந்து விழுந்தால் அண்ணாச்சி பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி என்று ஓர் ஊர். இங்கிருந்து நாலைந்து மணி நேரப் பயணம். தமிழி கல்வெட்டு, பாண்டியர் காலக் குடைவரைக் கோயில், வற்றாத சுனைகள், அபூர்வமான பறவைகள் எல்லாம் அங்கே உண்டு. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியில் 193.215 ஹெக்டேரைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக மாநில அரசு அறிவித்தது. தமிழ்நாட்டில் அதுதான் முதல். ஏறக்குறைய இரண்டு வருஷம் போயிற்று. 2024 நவம்பர் 7-ஆம் தேதி, அந்தத் தலத்தையும் உள்ளடக்கிய சுமார் 2,015 ஹெக்டேர், 'நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி' என்ற பெயரில் மத்திய அரசின் ஏலத்தில் இந்துஸ்தான் சிங்க் கம்பெனிக்குப் போயிற்று.

ஊர் எழுந்தது. கிராமசபைகளில் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9-இல் சட்டமன்றமும் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7-இல் ஆயிரக்கணக்கான ஜனங்கள் மதுரைக்கு நடந்தே போனார்கள். வயசான ஆச்சிமார்கூடப் போனார்கள். ஜனவரி 23-இல் ஏலம் ரத்து.

இதற்குப் பிறகுதான் வேடிக்கை. ஜனவரி 22-ஆம் தேதி ஊர்ப் பிரதிநிதிகளை டெல்லிக்கு அழைத்துப்போய் அமைச்சர் கிஷன் ரெட்டியைச் சந்திக்க வைத்தவர் பா.ஜ.க. தலைவராக இருந்த அண்ணாமலை. ஆகவே வெற்றி எங்களுடையது என்றது பா.ஜ.க. ஜனவரி 26-இல் முதலமைச்சர் ஸ்டாலின் அரிட்டாபட்டிக்கே போனார், பாராட்டு விழா நடந்தது. சட்டமன்றத் தீர்மானம்தான் காரணம் என்றது தி.மு.க. அ.தி.மு.க.வும் தன் பங்கைக் கேட்டது. நடந்தவர்கள் மேல் போட்ட வழக்குகளை மாநில அரசு திரும்பப் பெற்றது. நல்ல காரியந்தான். ஆனால் வழக்குப் போட்டதும் அதே அரசின் போலீஸ்தானே என்று எங்கள் தெரு டீக்கடையில் ஒருத்தர் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஏலத்தை ரத்து செய்ததற்கு இத்தனை பேர் உரிமை கோரினார்களே, ஏலத்துக்கு வழிவிட்ட சட்டத்துக்கு யாராவது உரிமை கோரினார்களா? 1957-ஆம் வருஷத்துச் சுரங்கம் மற்றும் கனிமச் சட்டத்தை 2023-இல் திருத்தினார்கள். டங்ஸ்டன், லித்தியம் உட்பட 24 கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம் மாநிலத்திடமிருந்து மத்திய அரசுக்குப் போயிற்று. வருமானம் மட்டும் மாநிலத்துக்கே வரும். ஜூலை 28-இல் மணிப்பூர் அமளிக்கு நடுவே மக்களவையில் நிறைவேறியது. ஆகஸ்ட் 2-இல் மாநிலங்களவை. அங்கே அ.தி.மு.க.வின் தம்பிதுரை ஆதரித்துப் பேசினார் என்று தி.மு.க. குற்றம் சாட்டியது. ஏல முறையைத்தான் ஆதரித்தோம், அரிட்டாபட்டியை அல்ல என்றது அ.தி.மு.க. நாங்கள் 2023 அக்டோபரிலேயே கடிதம் எழுதி எதிர்த்தோம் என்றது மாநில அரசு. 2024 பிப்ரவரியில் நிலவிவரங்களை அனுப்பியதே நீங்கள்தானே, ஏலம் முடியும்வரை ஆட்சேபிக்கவே இல்லையே என்றது மத்திய அரசு.

கோப்பு பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். 'ஆட்சேபனை இல்லை' என்று எழுதப் பயப்படுகிறவன்கூட, 'கோரிய விவரங்கள் இத்துடன் அனுப்பப்படுகின்றன' என்று தைரியமாக எழுதுவான். நானே எழுதியிருக்கிறேன். எத்தனை முறை என்று கேட்காதீர்கள். அந்தப் பிப்ரவரிக்கும் நவம்பருக்கும் இடையில் ஒன்பது மாசம். மைக் இல்லாத, மாலை இல்லாத அந்த ஒன்பது மாசத்தில்தான் காரியம் நடந்தது.

கட்சிகள் போட்டி போடுவதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் 1970-இல் காற்றுத் தூய்மைச் சட்டம் வந்தது. ஜனாதிபதி நிக்சனுக்கும், அவரை எதிர்த்து நிற்கக்கூடியவர் என்று பேசப்பட்ட செனட்டர் மஸ்கிக்கும் யார் பெரிய பாதுகாவலர் என்று போட்டி. ஒருவர் ஒரு படி ஏற, மற்றவர் இரண்டு படி ஏறினார். கார்ப் புகையிலுள்ள முக்கிய நச்சுகளை ஐந்தே வருஷத்தில் 90 சதவீதம் குறைக்க வேண்டும் என்ற கடுமையான விதி சட்டத்தில் ஏறியது. டிசம்பர் 31-இல் நிக்சன் கையெழுத்துப் போட்ட விழாவுக்கு, அந்தச் சட்டத்துக்காக உழைத்த மஸ்கிக்கு அழைப்பே இல்லை! அதே நிக்சன் 1972-இல் நீர்த் தூய்மைச் சட்டத்தைத் தடுத்துப் பார்த்தார். காங்கிரஸ் அவர் தடையை மீறி நிறைவேற்றியது. அங்கே போட்டி சட்டம் பிறக்கும் முன்னால் நடந்தது. அதனால் சட்டத்துக்குப் பலம் கூடியது. நம்மிடம் சட்டம் பிறக்கும்போது அமளி, பந்தயம் முடிந்த பிறகு போட்டி.

நம்ம கடையத்துக்கு இதில் என்ன சோலி என்று பின்வரிசையில் முணுமுணுப்பு கேட்கிறது. முதுகுப்பக்கம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், 1988-இல் அமைந்தது. அதற்கு இந்தப் பக்கம் நம் எலுமிச்சைத் தோட்டம், நெல் வயல், கல்குவாரி. புளியரை வழியாகக் கேரளாவுக்குப் போகும் லாரிகளை எண்ணித் தூக்கம் கெட்டவர்கள் இந்த மண்டபத்தில் உண்டு. கல்லும் ஜல்லியும் சிறுகனிமம். அதே 1957 சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி அதற்கு விதி செய்யும் அதிகாரம் மாநிலத்துக்கு. பாறையில் டங்ஸ்டன் இருந்தால் டெல்லி, வெறும் பாறை என்றால் சென்னை. ஒரே மலைக்கு இரண்டு வாசல். நாம் ஒரு வாசலில் போய் நின்றால் அடுத்த வாசலைக் கைகாட்டுவார்கள்.

இன்னொன்று. 2025 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குறிப்பாணை வெளியிட்டது. அணுக் கனிம, முக்கிய கனிமச் சுரங்கத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று அது விலக்குத் தந்தது. அரிட்டாபட்டி ஜனங்கள் கிராமசபையில் பேசித்தான் ஊரைக் கூட்டினார்கள். அடுத்த ஊருக்குச் சட்டப்படி பேசக் கிடைக்கும் ஒரு மேடை இப்போது குறைந்துவிட்டது. திருத்தச் சட்டமும் அப்படியே இருக்கிறது.

மாணவத் தம்பிமார்களுக்கு ஒரு சேதி. 2023 திருத்தச் சட்டத்தின் நகலும் அந்தக் குறிப்பாணையும் என் பையில் இருக்கின்றன. மொத்தம் கொஞ்சம் பக்கங்கள்தான். சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பேன். ஜெராக்ஸ் காசு என்னுடையது.