உயிரியலோடு கணக்கும் வேண்டும்

(திண்டிவனம் கல்வி வழிகாட்டி நிகழ்ச்சியில் செயலாளர் உரை)



"டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைக்குக் கணக்கு எதற்கு?" விழுப்புரத்திலும் இங்கும் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கையின்போது நாங்களே இப்படி ஆலோசனை சொல்லியிருக்கிறோம். அது தவறு. நீட் கைகூடாத பிள்ளைகளுக்குப் பொறியியல் கதவும் அடைபட்டதைப் பார்த்து வருந்தினோம்.

1897-இல் கொசுவின் இரைப்பையில் மலேரியா கிருமியைக் கண்ட ரொனால்ட் ராஸ், கொசுவைக் குறைத்தால் நோய் ஓயும் என்பதைப் பிறகு கணக்குப் போட்டே விளக்கினார். சென்னை ஐ.ஐ.டி. 2023-இல் மருத்துவ அறிவியலும் பொறியியலும் இணைந்த நான்காண்டுப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. அதற்கான ஐ.ஏ.டி. நுழைவுத்தேர்வில் உயிரியலுக்கும் கணிதத்திற்கும் சம எண்ணிக்கையில் கேள்விகள்.

பயோ-மேத்ஸ் குரூப் சுமைதான். கணக்கில் தடுமாறும் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நாங்கள் நடத்துகிறோம். பயந்து கணக்கை விட்டுவிடாதீர்கள்.

பயனுள்ள கல்வியை அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.