அளவே மருந்து

(நகரத் தமிழ்மன்றத்தின் திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

மொழிநலம் பேசவேண்டிய இம்மேடையில் இன்று உடல்நலம் பேச வந்துள்ளேன். தமிழ்ப் புலவனுக்கு எடைக்குறைப்பு மாவோடு என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். என் உரையின் முடிவில் அவ்வினாவுக்கு விடை கிடைக்கும். அதுவரை பொறுத்தருள்க.

என் தமக்கையார்க்கு அகவை 62. பத்தாண்டுகளாக நீரிழிவு நோய்க்கு மாத்திரை உண்பவர். உடல் பருத்துவிட்டதே என்னும் கவலை அவர்க்கு நெடுநாளாக உண்டு. சென்ற ஆண்டு, அவருடைய தெருவில் வாழும் அம்மையார் ஒருவர் ஒரு பெட்டி மாவைக் கொண்டுவந்து கொடுத்தார். "காலையும் இரவும் சோறு வேண்டா, இம்மாவைக் கரைத்துக் குடித்தால் போதும். இது மருந்தன்று, உணவுதான், ஒரு தீங்கும் வாராது" என்று உறுதியும் கூறினார். தமக்கையார் நம்பினார். உணவை நிறுத்தினார், மாத்திரையை நிறுத்தவில்லை. ஒன்பதாம் நாள் விடியற்காலையில் உடல் வியர்த்து, கைகால் நடுங்கி, அடுக்களை வாயிலில் வீழ்ந்துவிட்டார். குருதியில் இனிப்பளவு அடிமட்டத்திற்கு இறங்கியிருந்தது. உரிய நேரத்தில் மருத்துவமனையிற் சேர்த்தமையால் உயிர் தப்பியது.

அங்கே மருத்துவர் கேட்டார்: "பெட்டியின் மேல் எழுதியிருந்ததைப் படிக்கவில்லையா, அம்மா?" தமக்கையார் நாள்தோறும் நாளிதழை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிப்பவர். அவர் மருத்துவர்க்கு விடை கூறவில்லை. பின்னர் என்னிடம் மட்டும் மெல்லச் சொன்னார்: "எனக்குத் தெரிந்த எழுத்தில் அதிலே ஒரு வரிகூட இல்லையே, தம்பி!"

அந்தச் சொல் என்னை உறங்கவிடவில்லை. அப்பெட்டியை எடுத்துப் படித்தேன். பின்னர் அதனைப் பற்றிய ஆய்வுகளைத் தேடிப் படித்தேன். படித்தவற்றை நடுநிலையோடு உங்கள்முன் வைக்கின்றேன்.

முதலில் பெயரைத் தெளிவு செய்துகொள்வோம். மாற்றுணவு என்பது வேறு. உணவுமாற்று என்பது வேறு. அரிசிக்குப் பகரமாகத் தினையை உண்டால் அது மாற்றுணவு. உணவையே நிறுத்திவிட்டு, அதன் இடத்தில் அளந்து கலந்த ஒரு மாவையோ நீர்மத்தையோ வைத்தால் அஃது உணவுமாற்று. அவ்வுணவுமாற்றும் இருவகைப்படும். நாளில் ஒரு வேளைக்கோ இரு வேளைக்கோ மட்டும் கொள்வது பகுதி மாற்று. எல்லா வேளைக்கும் அதனையே கொள்வது முழு மாற்று. முழு மாற்றாக வருவதில் புரதம், கொழுப்பு, வைட்டமின் எனப்படும் உயிரூட்டங்கள், கனிம உப்புகள் ஆகிய யாவும் ஒருநாள் தேவைக்கு ஏற்ப அளந்து சேர்க்கப்பட்டிருத்தல் வேண்டும். கடைகளில் விற்கும் வெறும் புரத மாவு உணவுமாற்று ஆகாது. விற்பவர் இவை யாவற்றையும் ஒரே பெயரால் அழைப்பர், வாங்குபவர் மயங்குவர். சொல்லிலே குழப்பம் நேர்ந்தால் பொருளிலும் குழப்பம் நேரும். மொழியறிஞர் தலையிட வேண்டிய முதல் இடம் இதுவே.

இவ்வணிகம் புதியதன்று. 1959-இல் அமெரிக்காவில் மெட்ரிகால் என்னும் மாவு வந்தது. நோயாளிகட்கு ஊட்டுவதற்கென ஆக்கப்பட்ட மாவை ஒட்டி ஆக்கப்பட்டது அது. நாளொன்றுக்கு நான்கு குவளை. மொத்தம் 900 கலோரி. கலோரி என்பது உணவின் ஆற்றலை அளக்கும் வெப்ப அலகு. பின்னர், 1976-ஐ ஒட்டி, நீர்மப் புரதம் என்றொன்று பரவியது. விலங்கின் தோலிலிருந்தும் இணைப்புத் திசுக்களிலிருந்தும் எடுத்த குறைபட்ட புரதம் அது. வேண்டிய கனிம உப்புகளும் அதில் இல்லை. அதனையே உண்டு எடை குறைத்தவருள் ஏறத்தாழ 60 பேர் 1977, 1978 ஆகிய ஆண்டுகளில் இறந்த செய்தி வெளிவந்தது. பலர்க்கு நெஞ்சாங்குலையின் துடிப்பே தடுமாறிவிட்டது. 1988-இல் ஓபரா வின்பிரே என்னும் புகழ்பெற்ற தொலைக்காட்சி அம்மையார், நீர்ம உணவுமாற்றினால் ஏறத்தாழ 30 கிலோ குறைந்து, அந்த எடைக்குரிய கொழுப்பை ஒரு சிறுவண்டியில் மேடைக்கு இழுத்துவந்து காட்டினார். பின்னர் இயல்பான உணவுக்குத் திரும்பியதும் எடையும் திரும்பிவிட்டதை அவரே வெளிப்படையாகச் சொன்னார்.

இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் இந்த அவையின் கைத்தட்டல் எனக்கு எளிதிற் கிடைக்கும். "அயலவன் மாவு நஞ்சு, நம் கூழே அமிழ்து" என்று கூறி அமரலாம். ஆனால் உண்மை அத்துணை எளிதாக இல்லை. நமக்கு உவப்பானதை மட்டும் சொல்வது அறிவுநெறி ஆகாது.

பிரித்தானியாவில் நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் இராய் டெய்லர் 2011-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். நீரிழிவு நோயாளர் 11 பேர்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 வெப்ப அலகு மட்டும் எட்டுக் கிழமை கொடுத்தார். ஒரே கிழமையில் அவர்களின் வெறுவயிற்று இனிப்பளவு இயல்பு நிலைக்கு வந்தது. கல்லீரலிலும் கணையத்திலும் தேங்கிய கொழுப்புக் கரைந்ததே அதற்குக் கரணியம் என்று அவர் காட்டினார்.

அதன்பின் அவரும் கிளாசுகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கேல் லீன் அவர்களும் சேர்ந்து, இசுக்காட்லாந்திலும் வடகிழக்கு இங்கிலாந்திலும் 49 மருத்துவ நிலையங்களில் 306 நோயாளரைக் கொண்டு ஒரு பேராய்வு நடத்தினர். அதன் முடிவு 2017-இல் வெளிவந்தது. ஒரு பாதியினர்க்கு வழக்கமான மருத்துவம். மறுபாதியினர்க்கு மூன்று முதல் ஐந்து திங்கள்வரை முழு உணவுமாற்று. நாளொன்றுக்கு 825 முதல் 853 வெப்ப அலகு. அதன்பின் சிறிதுசிறிதாக இயல்புணவு. ஓராண்டின் முடிவில், உணவுமாற்றுக் கொண்டவருள் 46 விழுக்காட்டினர் மாத்திரையின்றியே நீரிழிவு நீங்கிய நிலையில் இருந்தனர். வழக்கமான மருத்துவம் பெற்றவருள் அந்நிலை 4 விழுக்காட்டினர்க்கே வாய்த்தது. 15 கிலோவும் அதற்கு மேலும் குறைந்தவருள் 86 விழுக்காட்டினர் நோய் நீங்கியிருந்தனர். நீரிழிவு வந்தால் போகாது என்று நெடுங்காலம் நம்பியிருந்த உலகிற்கு இது பெருஞ்செய்தி. இதை மறைப்பது நம் நோயாளர்க்கு நாமே இழைக்கும் இரண்டகம் ஆகும். 2023-இல் வெளிவந்த நாடளாவிய ஆய்வொன்றின்படி இந்தியாவில் நீரிழிவு நோயாளர் தொகை 10.1 கோடி என்பதை நினைவிற் கொள்க.

நாணயத்தின் மறுபக்கத்தையும் காண்போம். இரண்டாம் ஆண்டில் அந்த 46 விழுக்காடு 36 ஆயிற்று. ஐந்தாண்டுவரை தொடர்ந்து கண்காணிக்கப்பட்ட 85 பேருள் நோய் நீங்கிய நிலையில் இருந்தவர் 11 பேரே. அஃதாவது 13 விழுக்காடு. முதலாண்டில் சராசரியாக 10 கிலோ குறைந்த எடை, அவ்வைந்தாம் ஆண்டில் 6 கிலோ அளவிற்கே குறைந்து நின்றது. பயன் உண்டு, ஆனால் மாவு நின்றபின் காத்துக்கொள்ளாவிடின் அது கரைந்துபோகும்.

அவ்வாய்வு யாரைச் சேர்த்தது, யாரை விலக்கியது என்பதும் தலையாயது. நோய் கண்டு ஆறாண்டுக்கு உட்பட்டவரையே சேர்த்தனர். இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வோரைச் சேர்க்கவில்லை. தொடங்கிய முதல் நாளிலேயே நீரிழிவு மாத்திரைகளையும் குருதியழுத்த மாத்திரைகளையும் மருத்துவரே நிறுத்தினர். என் தமக்கையார் நோயுற்றுப் பத்தாண்டு ஆனவர். கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் மாத்திரையை நிறுத்தாமல் உண்டவர். உணவு குறைந்தபோது மாத்திரையின் வலிமை மட்டும் குறையவில்லை. அதனால்தான் அவர் வீழ்ந்தார். அங்கே நோய் நீக்கிய முறையே, மருத்துவர் இல்லாத இங்கே உயிரைக் குடிக்க முயன்றது.

வேறு தீங்குகளும் உண்டு. மிக விரைந்து எடை குறைந்தால் பித்தப்பையிற் கல் தோன்றலாம். மலச்சிக்கல், தலைச்சுற்றல், முடி உதிர்தல் ஆகியன நேரலாம். கொழுப்போடு தசையும் சிறிது கரையும். சூலுற்ற பெண்டிர், பாலூட்டும் தாய்மார், வளரும் பிள்ளைகள் ஆகியோர் இதனை எடைக்குறைப்புக்கென மேற்கொள்ளல் ஆகாது. சிறுநீரக நோயுடையோரும் நெஞ்சாங்குலை நோயுடையோரும் மருத்துவர் சொல்லாமல் தொடுதல் கூடாது. திங்கள்தோறும் பல ஆயிரம் உருபாச் செலவாகும் என்பது ஏழைக் குடும்பத்திற்கு மற்றொரு நோய்.

அங்ஙனமாயின் அம்மாவில் அடங்கிய மந்திரந்தான் யாது? மந்திரம் ஏதும் இல்லை. அதன் வலிமை அளவு ஒன்றே. பொட்டலத்தைப் பிரித்தால் அளவு முடிந்துவிடுகிறது. இன்னும் ஒரு கரண்டி என்று கேட்க அங்கே சட்டி இல்லை. நம் அன்பர்கள் சிலர், சோற்றை விட்டுக் கேழ்வரகுக் களிக்கு மாறினாலே உடல் இளைத்துவிடும் என்கின்றனர். 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 355 வெப்ப அலகு. அதே எடைக் கேழ்வரகில் ஏறத்தாழ 320. கேழ்வரகில் நார்ப்பொருளும் சுண்ணமும் மிகுதி. அதை உண்க, மகிழ்க. ஆனால் அளவின்றி உண்டால் களியும் உடலைப் பருக்கச் செய்யும். நம்முடையது என்பதனால் ஒரு பொருள் எடை குறைக்காது. அயலது என்பதனால் ஒரு பொருள் நஞ்சாகவும் ஆகாது.

திருவள்ளுவர் மருந்து என்னும் பெயரில் ஓர் அதிகாரம் வகுத்தார். அதிலே ஒரு மருந்தின் பெயர்கூட இல்லை என்பதைக் கண்டீர்களா? முன்னுண்டது செரித்ததை அறிந்து, அளவு பார்த்து, உடலுக்கு ஒவ்வுவதை உண்ணுமாறுதான் அவ்வதிகாரம் பெரிதும் பேசுகிறது. முடிவில், மருத்துவம் என்பது நான்கு கூறுடையது என்கிறார்: நோயாளி, தீர்க்கும் மருத்துவர், மருந்து, உடனிருந்து ஊட்டும் துணைவர். பிரித்தானிய ஆய்வில் இந்நான்கும் இருந்தன. பயிற்சி பெற்ற செவிலியரும் உணவியலரும் நோயாளரைத் தொடர்ந்து கண்டு பேசினர். என் தமக்கையார்க்கு வாய்த்ததோ நான்கனுள் இரண்டு: நோயாளியும் பெட்டியும். மற்ற இரண்டின் இடத்தில் ஒரு விற்பனையாளர் நின்றார்.

ஆகவே என் முடிவு இது. உடற்பருமனாலும் அண்மையில் வந்த நீரிழிவாலும் துன்புறுவோர், மருத்துவரும் உணவியலரும் துணைநிற்க, குறித்த காலத்திற்கு உணவுமாற்றை மேற்கொள்வதில் பிழையில்லை, பயன் உண்டு. அழகுக்காகவோ, திருமணத்திற்கு முன் இளைப்பதற்காகவோ, தெருவில் விற்பவர் சொல்லைக் கேட்டோ மேற்கொள்வது பிழை. மாவை நிறுத்தும் நாளுக்குரிய உணவுத் திட்டம் இல்லாதவர் தொடங்கவே வேண்டா. மாத்திரை உண்பவர் மருத்துவரைக் காணாமல் ஒரு வேளையுணவைக்கூட நிறுத்தற்க.

இனித் தொடக்கத்தில் நீங்கள் எண்ணிய வினாவுக்கு வருகின்றேன். தமிழ்ப் புலவனுக்கு இங்கே என்ன வேலை?

இந்தியாவில் பொதியப்பட்ட உணவின் மேல் எழுத வேண்டிய குறிப்புகள் எம்மொழியில் இருக்க வேண்டும் என்று நடுவணரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நெறி வகுத்துள்ளது. 2011-இல் வகுத்ததும் 2020-இல் திருத்தி வகுத்ததும் ஒன்றையே கூறுகின்றன: ஆங்கிலத்தில், அல்லது தேவநாகரி எழுத்திலமைந்த இந்தியில். வேறு மொழியைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளத் தடையில்லை என்று ஒரு சலுகையும் உண்டு. அஃதாவது, தமிழ்நாட்டில், தமிழர் காசில், தமிழர் வயிற்றுக்குள் செல்லும் பொருளின் மேல் தமிழ் இருப்பது கட்டாயமில்லை, விருப்பம். வணிகர் விளம்பரத்தைத் தமிழில் எழுதுவர். ஏனெனில் அது காசு கொண்டுவரும். எச்சரிக்கையை ஆங்கிலத்தில் எழுதுவர். ஏனெனில் நெறி அவ்வளவே கேட்கிறது. விற்கும்போது தமிழ் வேண்டும்; காக்கும்போது தமிழ் வேண்டா!

மொழியுரிமை என்றால் மேடை முழக்கம் என்றும், பெயர்ப்பலகை என்றும் கருதுவோர் உளர். என் தமக்கையார் வீழ்ந்து கிடந்த அடுக்களை வாயிலுக்கு அவர்களை அழைக்கின்றேன். "மாத்திரை உண்போர் மருத்துவரைக் கேட்க" என்னும் ஒரு வரி தமிழில் இருந்திருப்பின் அவர் வீழ்ந்திருக்க மாட்டார். தாய்மொழி உயிர்போன்றது என்று உவமையாகச் சொல்லி வந்தோம். அஃது உவமையன்று என்பதை அன்று கண்டேன்.

எனவே இம்மன்றத்தின்முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கின்றேன். ஒன்று: தமிழ்நாட்டில் விற்கப்படும் உணவுப்பொதிகளில் உள்ளடக்கமும் எச்சரிக்கையும் தமிழில் கட்டாயம் இருத்தல் வேண்டும் எனத் தீர்மானம் இயற்றி, மாநில அரசுக்கும் அவ்வாணையத்திற்கும் விடுப்போம். மற்றொன்று: அதுவரை வாளா இருத்தல் வேண்டா. ஆங்கிலம் அறிந்த இளைஞர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டிலும் தெருவிலும் உள்ள பெட்டிகளை எடுத்து, அவற்றின் எச்சரிக்கையைத் தமிழில் எழுதி, அப்பெட்டியின் மேலேயே ஒட்டுக. ஒரு தாள், சிறிது பசை, ஐந்து மணித்துளி, இவ்வளவே வேண்டும்.

என் தமக்கையார் இன்று நலமாக உள்ளார். மருத்துவர் சொன்ன அளவில் உண்கிறார், மாலையில் நடக்கிறார், எடை மெல்லக் குறைகிறது. அவர் வீட்டு அடுக்களைப் பலகையில் உள்ள ஒவ்வொரு பெட்டியின் மேலும் என் கையெழுத்தில் தமிழ்த்தாள் ஒன்று ஒட்டப்பட்டிருக்கிறது. உங்கள் வீட்டுப் பெட்டிகளையும் இன்றிரவே எடுத்துப் பாருங்கள்.

வெல்க தமிழ்!